அடுத்து எந்தப் பெட்டியைப் பிரிப்பது? நான்கு மினியேச்சர் படைகளும் ஒரு பெருக்கல் கணக்கும்

மேஜைமேல் போர் ஆட்டம் ஆடுவதற்காக ஒட்டி நிறம் தீட்டும் சின்ன உருவங்களாலான நான்கு படைகள், என் அலமாரியில் இப்போது பெட்டிக்குள் காத்திருக்கின்றன. முதலாவது, பெர்ரி மினியேச்சர்ஸின் 28 மி.மீ. உயர பிரிட்டிஷ் காலாட்படை. 1815 வாட்டர்லூ போருக்கானது. இரண்டாவது, கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் வார்ஹேமர் 40,000 என்ற அறிவியல் புனைகதை விளையாட்டின் லெவியாத்தன் பெட்டியில் வந்த, டைரனிட் என்ற வேற்றுலக உயிரினங்களின் கூட்டம். மூன்றாவது, பாக்கஸ் நிறுவனத்தின் 6 மி.மீ. நெப்போலியன் காலப் படைகள். நான்காவது, இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட பிரிட்டனின் எட்டாவது ராணுவம், மறுபடியும் 28 மி.மீ. பிளாஸ்டிக். கையில் இருந்த வேலை முடிந்து பிரஷ்களைக் கழுவி வைத்தாயிற்று. இனி வரும் சில மாதங்களுக்கு இவற்றில் எது மேஜைக்கு வர வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "பிடித்ததைத் தீட்டு" என்பது. எனக்கு அது உதவுவதில்லை, நான்கையும் பிடித்துத்தான் வாங்கினேன். விலையும் உதவாது, காசு ஏற்கெனவே போய்விட்டது. ஆட்டத்தில் எந்தப் பிரிவு வலுவானது என்று பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. வார்ஹேமரில் அதை நம்பி இறங்குவது சரியில்லை என்பது என் கருத்து. அதன் விதிகள் 2017, 2020, 2023 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வந்திருக்கின்றன. நடுவில் ஒவ்வொரு பிரிவின் மதிப்பைக் காட்டும் புள்ளிகளையும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நிதானமாகத் தீட்டுகிற ஒருவர் ஒரு பிரிவை முடிக்கும் நேரத்தில் அதன் பலம் வேறாகியிருக்கும்.

நான் போடுவது வேறு கணக்கு. ஒரு உருவத்தில் தனித்தனியாகத் தீட்ட வேண்டிய நிறங்கள் எத்தனை? அப்படி எத்தனை உருவங்கள்? ஒரு ஆட்டம் ஆட வேண்டுமானால் நானே எத்தனை தரப்பைத் தயார் செய்ய வேண்டும்? மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உண்மையான வேலை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை அதில் ஒரு பங்கை மட்டுமே சொல்கிறது. மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. வார்ஹேமர் ஆடுபவர்களிடம் ஆளுக்கொரு படை இருக்கும், அதனால் நம் படையை மட்டும் முடித்தால் போதும். வரலாற்றுப் போர்களை ஆடும்போது, பக்கத்தில் அதே காலகட்டத்தை, அதே அளவில் சேர்ப்பவர் யாரும் இல்லையென்றால் இரண்டு தரப்பும் நம் தலையில்தான் விழும்.

சிவப்புக் கோட்டுக்காரர்களில் தொடங்குகிறேன். மனம் முதலில் ஓடுவது அங்கேதான். மைக்கேல் பெர்ரி, ஆலன் பெர்ரி என்ற இரட்டைச் சகோதரர்கள் நாட்டிங்காமில் உருவாக்கும் படைகள் இவை. கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகமும் அதே ஊர்தான், இவர்கள் இருவரும் அங்கே பல ஆண்டுகள் சிற்பிகளாக இருந்தவர்கள். வார்ஹேமர் உருவங்களின் பெரிய தலையும் பெரிய கையும் இதில் இருக்காது. மனித உடலின் அளவுகள் உள்ளபடி இருக்கும், துப்பாக்கி மெல்லியதாக இருக்கும், கோட்டின் மடிப்பு துணி மாதிரியே விழும். வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இதற்கு இணையான அழகு இந்த நான்கில் வேறு எதற்கும் கிடையாது.

ஆனால் ஒரே ஒரு சிப்பாயை எடுத்து நிறங்களை எண்ணிப் பாருங்கள். முகமும் கையும். முடி. கருப்பு ஷாக்கோ தொப்பி, அதன் முன்னால் பித்தளைத் தகடு, பக்கத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு குஞ்சம். சிவப்புக் கோட்டு. காலரும் கைமுனையும் ரெஜிமென்டுக்கு உரிய தனி நிறத்தில். மார்பில் பொத்தான்களை ஒட்டிக் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டைகள். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் வெள்ளை வார்கள். சாம்பல் நிறக் கால்சட்டை. கருப்பு முதுகுப்பை, அதன் மேல் சுருட்டிய கம்பளி. வெளிறிய துணிப்பை. நீலத் தண்ணீர்க் குடுவை. துப்பாக்கியின் மரம், அதன் இரும்பு. பூட்ஸ். ஒரே நிறத்தில் சேர்க்கக்கூடியதையெல்லாம் சேர்த்தாலும் 14-க்குக் கீழே இறங்காது. பெட்டியில் வரிசைக் காலாட்கள் 36 பேர். 36-ஐ 14-ஆல் பெருக்கினால் 504.

அந்த 504-இல் கடினமானது வெள்ளை வார். சிவப்பின் மேல் வெள்ளை நேராக ஏறாது, இளஞ்சிவப்பாகத் தெரியும். முதலில் பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் வார் முழுவதையும் தீட்ட வேண்டும். பிறகு அதன் நடுவில் மட்டும் கொஞ்சம் மங்கலான வெள்ளையைப் போட வேண்டும். இரண்டு ஓரத்திலும் கீழ்நிறம் மெல்லிய கோடாகத் தங்கினால் அதுவே எல்லைக்கோடாகிவிடும். அப்புறம் சிந்திய இடத்தைச் சிவப்பால் மூட வேண்டும். டைரனிட்டின் தோலிலோ காக்கிச் சட்டையிலோ ஒரு வாஷ் (நீர்த்த அடர்நிறப் பெயின்ட்) ஊற்றினால் நிழல் தானே பள்ளத்தில் போய்ச் சேரும். நேர்க்கோடுகளால் ஆன சீருடையில் வாஷ் அந்த வேலையைச் செய்யாது, கைதான் செய்ய வேண்டும். அதனால் இந்த 504 மற்ற பெட்டிகளின் 504-ஐ விடக் கனமானது.

குறைக்க வழி இல்லாமல் இல்லை. வாட்டர்லூவில் ஹால்கெட்டின் பிரிகேடில் 30, 33, 69, 73 ஆகிய நான்கு ரெஜிமென்டுகள் நின்றன. 30-க்கு வெளிறிய மஞ்சள் காலர், 69-க்கும் 73-க்கும் பச்சை வகை. 33-க்கு மட்டும் சிவப்பு. கோட்டும் காலரும் கைமுனையும் ஒரே நிறம் என்பதால் ஒரு சிப்பாய்க்கு ஒரு நிறம் மிச்சம், படைக்கு 36 மிச்சம். ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன், முன்பு தலைமை தாங்கிய ரெஜிமென்டும் இதுதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றதும் இதே 33. வேலையும் குறைகிறது, நம் பக்கத்து வரலாற்றையும் தொடுகிறது. அதனால் வாட்டர்லூ பிரிட்டிஷ் காலாட்படையைத் தொடங்கும் எவருக்கும் முதல் படையாக 33-ஐத்தான் சொல்வேன்.

விதிகளைப் பொறுத்தும் சுமை மாறும். பெரிய பட்டாலியன்களாக நகர்த்தும் பிளாக் பவுடர் போன்ற ஆட்டத்துக்கு ஒரு பெட்டி ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஷார்ப் பிராக்டிஸ் விதிகளில் வரிசைக் காலாட்கள் எட்டெட்டுப் பேர் குழுவாக நிற்பார்கள். 36 பேரில் நான்கு குழுக்கள் போக மீதி நான்கு பேரை அதிகாரியாகவும் சார்ஜென்ட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பெட்டியில் ஒரு தரப்பு முடிந்துவிடும். எட்டு எட்டாகத் தீட்டுவது கைக்கும் ஏற்றது. 36 பேரையும் ஒரே நேரத்தில் வரிசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாகப் போனால், ஒரு மாலை முழுவதும் முதுகுப்பை மட்டும் தீட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டி வரும், ஒரு சிப்பாய்கூட முடிந்திருக்க மாட்டார்.

மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள் வேண்டும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் நெப்போலியன் காலத்தை 28 மி.மீ.-இல் சேர்ப்பவர் யாரும் இல்லை, ஆகவே அவர்களும் என் வேலைதான். நீளக் கோட்டு அணிந்த பிரெஞ்சுக் காலாட்களை எடுத்தால் நிறங்கள் குறையும். உள்ளே இருக்கும் சீருடையின் பெரும்பகுதியைக் கோட்டு மறைத்துவிடும். போர்க்களத்தில் கோட்டுத் துணி ஒரே சீராக இல்லாமல் சாம்பல், பழுப்பு, மணல் என்று கலந்தே இருந்ததால் நிறம் பிசகிவிடுமோ என்ற பயமும் இல்லை. அப்படியும் 36 பேருக்குப் பத்து நிறம் என்று வைத்தால் 360 சேரும். மொத்தம் 860-ஐத் தாண்டுகிறது.

இப்போது டைரனிட்கள். 2023-இல் வந்த லெவியாத்தன் பெட்டியில் 72 உருவங்கள். அவற்றில் 25 எதிர்த்தரப்பான ஸ்பேஸ் மரைன்கள், 47 டைரனிட்கள். ஒரு டைரனிட்டுக்கு வேண்டியது தோல், முதுகு ஓடு, நகமும் கொம்பும், தசை தெரியும் இடங்கள் என்று நான்கு நிறம். 47-ஐ நான்கால் பெருக்கினால் 188. நான்கு பெட்டிகளிலும் இதுதான் மிகக் குறைவு. ஒட்டும் வேலையும் எளிது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுத்திப் பொருத்துபவை, பசையே இல்லாமல் நிற்கும். நான் இணைப்பில் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமெண்ட் விடவே விரும்புவேன், இடைவெளி மூடிக்கொள்ளும்.

2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை பெயின்டுகள் இந்த மாதிரி உருவங்களுக்கென்றே செய்தது போல் இருக்கும். வெளிறிய எலும்பு நிறத்தில் பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் ஒரு கோட் கான்ட்ராஸ்ட். மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் தானே படியும். லெவியாத்தன் கூட்டத்தின் வெளிறிய தோலும் ஊதா ஓடும் இந்த முறைக்கு அப்படியே பொருந்தும். பெரிய பரப்பில் மட்டும் கவனம் வேண்டும், ஸ்கிரீமர்-கில்லர் என்ற பெரிய டைரனிட்டின் முதுகு ஓடு மாதிரி. அங்கே பெயின்ட் குளம் கட்டும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

எதிராளி கிடைப்பதிலும் வார்ஹேமருக்கு நிகர் வேறு இல்லை. போட்டிகளில் படை முழுவதும் பேட்டில் ரெடி தரத்தில் தீட்டப்பட்டிருந்தால் 100 புள்ளிகளில் 10 அதற்கே கிடைக்கும், அந்தத் தரத்துக்கு மேலே சொன்ன நான்கு நிறமும் முடித்த பேஸும் (உருவம் நிற்கும் அடித்தட்டு) போதும். ஆகக் கணக்கும் வசதியும் டைரனிட் பக்கம்தான். பிறகு ஏன் அதையே எடுக்கவில்லை?

அந்தக் கணக்கு 188-இல் நிற்காது என்பதால். வழக்கமான 2,000 புள்ளி ஆட்டத்துக்கு இந்த 47 போதாது. 188-ஐ முடித்த அன்று என்னிடம் இருப்பது முழுப் படையின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியை வாங்க வேண்டும், அதையும் தீட்ட வேண்டும், அதற்குள் புள்ளிகள் மாறினால் இன்னும் ஒரு பிரிவு. சின்ன ஆட்டத்தோடு திருப்திப்படுபவருக்கு இந்தத் தடை இல்லை. 40,000-ஐ இப்போதுதான் தொடங்குகிறவர், பக்கத்தில் ஆடும் குழு இருக்கிறவர், தீட்டுவதைவிட ஆடுவதில் ஆர்வம் உள்ளவர் என்றால் யோசிக்காமல் டைரனிட்டை எடுக்கலாம். எனக்கு ஒரு எல்லை தெரிய வேண்டும். முடிந்தது என்று சொல்லக்கூடிய படையாக இருக்க வேண்டும்.

6 மி.மீ. இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து நிறுவனம் பாக்கஸ். சிப்பாயின் உயரம் ஒரு அரிசியின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். காலாட்கள் நான்கு பேர் சேர்ந்த உலோகத் துண்டுகளாக வருகிறார்கள். 60-க்கு 30 மி.மீ. பேஸ் ஒன்றில் 24 பேரை இரண்டு வரிசையாக நிறுத்தலாம். 28 மி.மீ.-இல் 24 பேர் என்றால் சின்னக் கூட்டம், இதில் அதுவே ஒரு பட்டாலியன் அணிவகுப்பாகத் தெரியும். வாட்டர்லூவின் முழு மேட்டையும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆட வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. முடித்த படையை வைக்க ஒரு ஷூ பெட்டி போதும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பன்னிரண்டு பேஸ் என்றால் 288 பேர். ஆளுக்கு ஐந்து நிறம், 1,440. பார்க்கப் பயமுறுத்தும் எண். ஆனால் பிரஷ் ஒரே இழுப்பில் ஒரு துண்டின் நான்கு பேரையும் தொட்டுவிடும். 72 துண்டுகளுக்கு ஐந்து நிறம் என்று எண்ணினால் 360-தான். கருப்பு அல்லது அடர்பழுப்பு அடிநிறத்தில் கோட்டு, கால்சட்டை, முகம், வார், துப்பாக்கி. பொத்தான், காலர், பித்தளைத் தகடு எதற்கும் கவலை வேண்டாம். 28 மி.மீ.-க்குப் போடும் நிறத்தைவிட ஒரு படி வெளிச்சமான நிறத்தைப் போட வேண்டும், இந்த அளவில் எல்லாமே இருண்டு தெரியும். அப்புறம் கொடிகள். மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது கொடிதான் என்பதால் அதில் செலவிடும் நேரம் வீண் போகாது.

இதில் எனக்குள்ள தடை இரண்டு. இரண்டு தரப்பும் நானே தீட்ட வேண்டும், 360 என்பது 720 ஆகும். இரண்டாவது, எல்லாம் முடியும் வரை எதுவும் ஆட முடியாது. எட்டு சிவப்புக் கோட்டுக்காரர்களை முடித்தால் ஒரு குழு தயார், ஒரு சின்ன மோதலாவது ஆடிப் பார்க்கலாம். 6 மி.மீ.-இல் இரண்டு பேஸை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. கண்ணாடி போடும் வயதுக்கு வந்தவர்கள் நல்ல விளக்கும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

நான்காவது பெட்டிக்கு வருகிறேன். எட்டாவது ராணுவத்தின் காலாட்களைப் பெர்ரியும் தருகிறார்கள், வார்லார்ட் கேம்ஸும் தருகிறார்கள். ஆடுவதற்கு வார்லார்டின் போல்ட் ஆக்‌ஷன் விதிகள். முதல் பதிப்பு 2012-இல் வந்தது, மூன்றாவது 2024-இல். 12 ஆண்டில் இரண்டு புதிய பதிப்பு என்பது வார்ஹேமரின் வேகத்தில் பாதிதான், அவ்வளவு அவசரம் இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஆர்டர் டைஸ் (கட்டளைப் பகடை), எல்லாம் ஒரே பைக்குள். குலுக்கி எடுக்கும்போது யார் நிறம் வருகிறதோ அவர் ஒரு பிரிவை நகர்த்துவார். மூன்று ஸ்குவாட், ஒரு அதிகாரி, ஒரு மோர்ட்டார் குழு என்று 30 பேரை வைத்துக்கொண்டே நல்ல ஆட்டம் ஆடிவிடலாம்.

நிறங்களை எண்ணுவோம். தோல், காக்கித் துணி, வெளிறிய வார்களும் பைகளும், மணல் நிற இரும்புத் தொப்பி, துப்பாக்கியின் மரம், இரும்பு, பூட்ஸ். ஏழு. 30-ஐ ஏழால் பெருக்க 210. துணியும் வாரும் ஒரே குடும்பத்து நிறங்கள் என்பதால் ஓரம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் படாது. பழுப்பு வாஷ் ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடும். கடைசியில் மணல் நிறத்தில் லேசாக டிரை பிரஷ் செய்தால் (கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால்) பாலைவனத் தூசி ஏறிவிடும், பேஸுக்கும் அதே நிறம். சிவப்புக் கோட்டில் எல்லைக்கோட்டுக்குப் போன நேரமெல்லாம் இங்கே மிச்சம்.

தரப்பு? ஒன்று. நண்பர் ஒருவரிடம் ஆப்பிரிக்கா கோர் (அங்கே சண்டையிட்ட ஜெர்மன் படை) முழுவதும் தீட்டி முடித்துத் தயாராக இருக்கிறது, எதிராளி இல்லாமல்தான் அது பெட்டிக்குள் கிடக்கிறது. இந்த ஒரு காரணமே என் தராசைப் பாதி சாய்த்துவிட்டது. வரலாற்று விளையாட்டில் இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அடுத்த படையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், ஆடக்கூடியவர்களின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வேலையில் பாதியை ஒருவர் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கலாம்.

மீதிப் பாதியைச் சாய்த்தது வேறொன்று. எட்டாவது ராணுவம் என்றதும் பெட்டிப் படங்களில் வெள்ளைக்கார முகங்கள்தான். ஆனால் அந்தப் பாலைவனப் போரின் தொடக்கத்திலிருந்தே நான்காவது இந்திய டிவிஷன் அங்கே இருந்தது. 1940 டிசம்பரில் சிடி பர்ரானிப் பக்கம் இத்தாலியர்களின் முகாம்களைத் தாக்கியது, 1941-இல் எரித்ரியாவின் கேரன் மலைகளில் சண்டையிட்டது, 1942-இல் எல் அலமைன், 1943-இல் டுனீசியா, 1944-இல் இத்தாலியில் கசீனோ. கருப்புப் பின்னணியில் சிவப்புக் கழுகு அதன் சின்னம். இந்திய டிவிஷனின் பிரிகேடில் பொதுவாக ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் இரண்டு இந்திய பட்டாலியன்களும் இருக்கும். காக்கித் துணி ஒன்றுதான், துப்பாக்கி ஒன்றுதான். ஒரே பெட்டியிலிருந்து இரண்டையும் செய்ய முடியும்.

அந்த டிவிஷனின் பொறியாளர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவது, பாலம் கட்டுவது அவர்கள் வேலை. அவர்களில் ஒருவர் தமிழரான சுபேதார் சுப்பிரமணியன். 1944-இல் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. போல்ட் ஆக்‌ஷனில் பொறியாளர் பிரிவும் உண்டு, கண்ணிவெடி வயலுக்கான விதியும் உண்டு. மேஜையில் ஒரு கண்ணிவெடி வயலை வைத்து, அதன் நடுவே பாதை திறக்கப் போகும் மெட்ராஸ் சாப்பர் குழு ஒன்றைத் தீட்டி நிறுத்த வேண்டும் என்பது எனக்குப் பல நாள் ஆசை. சாப்பர்களுக்கென்று தனி உருவம் தேட வேண்டியதில்லை. இரும்புத் தொப்பி போட்ட காலாட்களிலேயே சிலருக்குத் துப்பாக்கியை முதுகில் மாட்டிவிட்டுக் கையில் மண்வெட்டியோ, மண்ணைக் குத்திப் பார்க்க நீட்டிய பயோனெட்டோ கொடுத்தால் போதும்.

ஆகக் கணக்குப்படி வரிசை இப்படி: எட்டாவது ராணுவம் 210, எல்லை தெரிந்தது, எதிராளி தயார். டைரனிட் 188, ஆனால் முடிவில்லாதது. 6 மி.மீ. 720. சிவப்புக் கோட்டு 860-க்கு மேல், அதுவும் கனமான 860. எட்டாவது ராணுவத்தை எடுக்கிறேன்.

இதில் பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மேற்பரப்பு பொடிப்பொடியாக வெளுத்துப்போகும், நுண்ணிய விவரங்கள் மூடிவிடும். மழைக்காலத்தில் பிரஷ்ஷால் போடும் பிரைமர்தான் பாதுகாப்பு. 30 காலாட்களுக்குப் பிரஷ்ஷால் பிரைமர் போடுவது இரண்டு மாலை வேலை. கான்ட்ராஸ்ட் முறைக்கு அடிநிறம் வழவழப்பாக, திட்டுத்திட்டு இல்லாமல் இருந்தாக வேண்டும், அதற்கு ஸ்ப்ரேதான் சிறந்தது. அதனால் டைரனிட்டை ஜனவரிக்குப் பிறகு வரும் உலர்ந்த காலைகளுக்குத் தள்ளி வைப்பது அந்த வகையிலும் சரி. வெயில் காலத்தில் வேறு சிக்கல், அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே உலர்ந்துவிடும். ஈரப் பஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்த வெட் பேலட் இல்லாமல் மார்ச்சிலிருந்து வெள்ளை வார் தீட்டவே முடியாது.

ஒரே வகை வேலையைத் தொடர்ந்து செய்தால் கை சலித்துவிடும் என்பதால் நடுவில் ஒரு மாற்றும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு ஸ்குவாட் முடிந்ததும் ஸ்கிரீமர்-கில்லர் ஒன்றை மட்டும் வெளியே எடுப்பேன். ஒற்றை உருவம், பெரிய பரப்புகள், காக்கியின் சாயலே இல்லாத நிறங்கள். டைரனிட் படையைத் தொடங்கியதாக அதற்கு அர்த்தமில்லை. அது முடிந்ததும் மறுபடி மூன்றாவது ஸ்குவாட். நான்கு பெட்டிகளில் எதுவுமே வேண்டாம், சின்னதாக ஏதாவது போதும் என்பவர்களுக்கு ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற விளையாட்டு நல்ல தேர்வு. மந்திரவாதி, சீடன், கூட எட்டுப் பேர், மொத்தம் பத்தே உருவங்கள், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி.

சிவப்புக் கோட்டுக்காரர்களை நான் கைவிடவில்லை. 33-ஆவது ரெஜிமென்டுக்கு எட்டு பேர் கொண்ட முதல் குழுவை அடுத்த குளிர்காலத்தில் தொடங்குவேன். 6 மி.மீ.-க்கு, நண்பர்களில் யாராவது பிரெஞ்சுத் தரப்பை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் 720 மறுபடி 360 ஆகும், அன்று அதை மறுபரிசீலனை செய்யலாம்.

இப்போது மேஜையில் செய்ய வேண்டிய முதல் வேலை தோல் நிறம். அரைக்கால் சட்டையும் மடித்த கையுமாக நிற்கும் இந்தச் சிப்பாய்களிடம் காக்கிக்கு அடுத்தபடி அதிகமாகத் தெரிவது முட்டியும் முழங்கையும் முகமும்தான். கடையில் தோல் நிறம் என்று விற்கும் புட்டிகளில் பெரும்பாலானவை இளஞ்சிவப்பு. அதில் பழுப்பைக் கலந்தால் வெயிலில் சிவந்த ஐரோப்பியர் வருவார், மெட்ராஸ் சாப்பர் வர மாட்டார். அடர் சாக்லேட் பழுப்பில் தொடங்கி, செம்பழுப்பால் ஏற்றி, மூக்கு, கன்னமேடு, முட்டி, விரல் மடிப்பு ஆகிய இடங்களில் காவி மஞ்சள் சேர்த்த பழுப்பால் தொட வேண்டும். ஹைலைட்டுக்கு வெள்ளை சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தோல் சாம்பல் பூசியது போல் வறண்டு தெரியும். வெளிறிய தோலில் நிழல்தான் உருவம் கொடுக்கும். கருத்த தோலில் அந்த வேலையைச் செய்வது ஒளிபடும் இடங்கள், அதனால் வாஷை மெல்லியதாக்கிவிட்டு ஹைலைட்டுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே தோல் நிறம் இருக்காது. முதல் மூன்று உருவங்களில் மூன்று வேறு கலவைகளைப் போட்டுப் பார்த்து, உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் காக்கியோடு சேர்த்து வைத்து, எது எது நிற்கிறதோ அவற்றைக் குறித்துக்கொண்டு மீதி 27 பேருக்குப் போகப்போகிறேன்.